வலது திருப்பத்தில் வரும் சத்தம்

வலது பக்கம் திரும்பினால் மட்டும் அந்தச் சத்தம் வரும். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒடித்தாலும் ஒன்றுமில்லை. எங்கள் வீதியிலிருந்து வலதுபுறம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்போது, முன்சக்கரத்துப் பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். வேகம் கூடினால் தட்டுவதும் கூடும். ஸ்டியரிங் நேரானதும் நின்றுவிடும்.

முதல் தடவை கேட்டபோதே சொன்னேன், வண்டியில் என்னமோ தட்டுகிறது என்று. என் வீட்டுக்காரர் குகன் பதில் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. நானும் விடுகிற ஆள் இல்லை. வீடு வந்து சேர்ந்து, இறங்கி, அவர் முன்னால் போய் நின்று மூன்றாம் தடவை சொன்னேன். அப்போது மட்டும் நிதானமாகச் சொன்னார், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உனக்கு எதக் கேட்டாலும் சத்தந்தான்."

அந்த வெள்ளை இண்டிகாவை வாங்கியதிலிருந்தே அவர் அப்படித்தான். வீட்டில் எதிரே நின்று பேசினால் நன்றாகப் பேசுகிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பக்கத்தில் ஒரு பெண்சாதி உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்துவிடுவார். நான் வாயாடி, ஒப்புக்கொள்கிறேன். போகிற வழியில் தெரிகிற கடை, கல்யாண மண்டபம், யார் வீட்டு மாடி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவேன். எதற்கும் ஒரு 'உம்' கூட வராது. கார் வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு முறை கோபத்தில் அவிநாசிக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அவர் அனுப்பர்பாளையத்தில் ஒரு நிட்டிங் ஷெட்டில் பனியன் துணி பின்னும் மெஷின் ஓட்டினார். நானும் அங்கேதான் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தேன். அந்த ஷெட்டில் யாரும் யாருடைய குரலையும் கேட்டதில்லை. வரிசையாக மெஷின்கள் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்தவருக்கு எட்டாது. நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டுவோம். ஊசி உடைந்தால் சுண்டுவிரலை மடக்குவோம். எண்ணெய் வேண்டுமென்றால் உள்ளங்கையைத் தேய்ப்போம். மற்றதெல்லாம் உதடுதான். குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அகலமாக அசைத்தால் எதிரே நிற்பவருக்குப் புரிந்துவிடும். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டதும் அப்படித்தான், சரி என்று நான் சொன்னதும் அப்படித்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்.

கரண்ட் கட் ஆரம்பித்த வருஷம் அந்த வேலை போனது. அவர் பார்த்துக்கொண்டிருந்த மெஷினில் ஒரு ஊசி உடைந்து, அது அடுத்ததை உடைத்து, வரிசையாக எல்லாம் நொறுங்கிவிட்டன. உடைந்த ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும். அந்தத் தட்டலைக் கேட்டதும் மெஷினை நிறுத்த வேண்டும். இவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு நிறுத்தவில்லை. தூங்கிவிட்டான் என்றார் முதலாளி. தூங்கவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அந்த முதலாளி குடும்பத்துக்கே மண்ணை வாரித் தூற்றினேன். பிறகு என் நகைகள் இண்டிகாவாக மாறின. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி அந்த வண்டியை மாசக் கான்ட்ராக்டுக்கு எடுத்துக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் ஏற்றி வருவது, செக்கிங் ஆபீசர்களை ஒவ்வொரு யூனிட்டாகக் கூட்டிப் போவது. எங்கள் வீட்டுச் சோறும் மகள் தமிழ்மதியின் படிப்பும் அந்த நாலு சக்கரத்தில்தான் ஓடின.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் போன் வந்தது. மேனேஜரிடம் என் நம்பரைத்தான் குகன் கொடுத்திருந்தார். அவர் செல்லில் சிக்னல் கிடைப்பதில்லையாம், ஏதாவது சொல்வதென்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லியிருந்தாராம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். பின்சீட்டில் உட்கார்ந்து வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய், வண்டியை ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறாள். கெஞ்சியிருக்கிறாள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று புகார்.

"திங்கக்கிழம காலைல ஏர்போர்ட்டுல ஆள் எறங்குதுங்க," என்றார் மேனேஜர். "அதுக்குள்ள சத்தம் போகோணும். இல்லீன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க."

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் எனக்கே வெட்கம். பொம்பளை கெஞ்சியும் நிறுத்தாத அளவுக்கு என்ன திமிர் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிந்துவிட்டால் நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேராது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தமிழ்மதிதான் நடுவில் வந்து, அப்பாவின் தோளைத் தொட்டு, அவர் நிமிர்ந்ததும் "சாப்பிடலாம் வாங்கப்பா" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், தொட்டுவிட்டுத்தான் பேசுவாள். செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனார். என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டிருக்கிறார்கள். 'ஙொய்' என்று ஒரு இரைச்சல், நிற்காமல் வருகிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வீல் பேரிங்தான் என்று முன்சக்கரம் இரண்டுக்கும் பேரிங் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து, சரியாகிவிட்டது என்றார். நம்பி ஏறி உட்கார்ந்தேன். வீதிமுனையில் வலதுபுறம் திரும்பினார். டக், டக், டக்.

"எங்கீங்க சரியாச்சு? தட்டுதல்லொ?" என்று கத்தினேன். அவர் கியரை மாற்றினார். என்னை ஏமாற்றுகிறாரா, இல்லை அவரை ஒர்க்‌ஷாப்காரன் ஏமாற்றினானா என்று புரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். இரைச்சல் என்று எதைச் சொன்னார்? அந்த வண்டியில் நான் ஒரு நாளும் இரைச்சல் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, நீயும் கூட வா என்றார். வேலம்பாளையத்தில் டேனியல் என்று ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்கள், சர்ச்சுக்குப் போய் வந்தபின் கடையைத் திறப்பாராம், நீ வந்து சத்தத்தைச் சொல் என்றார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். என் பேச்சை இத்தனை நாள் கழித்தாவது ஒரு பொருட்டாக மதித்தாரே என்று நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒர்க்‌ஷாப்புக்குப் போக நல்ல புடவை கட்டிய பைத்தியக்காரி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டேனியல் எங்களைவிடச் சின்ன வயசு. சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கறைபடிந்த காக்கிச் சட்டையோடு வந்தார். நின்ற வண்டியில் ஒன்றும் தெரியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் வீடு கட்டச் சைட்டு பிரித்துக் கல் நட்டிருந்த காலியிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றுதான் திருப்பூர் வாயை மூடிக்கொண்டிருக்கிற நேரம். எந்த யூனிட்டும் ஓடவில்லை. ஒரு காக்கை கத்தினால்கூடத் தெளிவாகக் கேட்டது.

டேனியல் ஓட்டினார். குகன் முன்சீட்டில், நான் பின்சீட்டில். சத்தத்தை நன்றாகக் கவனிப்பதற்கு என்பதுபோல இவர் கதவில் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்து ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டார். டேனியல் ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்து மெல்ல வட்டம் போட்டார். ஒன்றும் வரவில்லை.

"இப்ப ஒண்ணுமில்ல," என்றார் இவர்.

அடுத்து வலது பக்கம் ஒடித்தார். டக், டக், டக். எனக்கு அந்தச் சத்தம் பல்லில் கூசும். முகத்தைச் சுளித்தேன்.

"இதா, இப்பக் கேக்குது," என்றார் இவர்.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று டேனியல் கேட்டார். என் கண் தானாக வலது சக்கரத்துப் பக்கம் போனது. வலது பக்கம் என்று இவர் சொன்னார். டேனியல் சிரித்துவிட்டு, எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்றார். வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும், அதனால் அழுவது இடது சக்கரம்தான் என்றார். பிறகு வரிசையாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பிரேக் பிடித்தால் சத்தம் மாறுகிறதா? ஆக்ஸிலேட்டரை விட்டால் குறைகிறதா? பள்ளத்தில் இறங்கினால் வேறு மாதிரி வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் இவர் டேனியலை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு நொடி பொறுத்துச் சரியாகவே பதில் சொன்னார். அந்த ஒரு நொடியும் அவர் கண் என் முகத்தில்தான் இருந்தது.

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்ததில்லை. நல்ல புடவை கட்டியது வீண்போகவில்லை என்று அசட்டுத்தனமாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அவர் பார்த்தது என்னை அல்ல. மெஷினில் ஓடுகிற துணியைப் பார்ப்பதுபோல என் நெற்றியையும் புருவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதைச் செய்திருக்க வேண்டாம். டேனியல் வண்டியை நேராக விட்டிருந்தார். இஞ்சின் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் வேண்டுமென்றே பல் கூசியதுபோல முகத்தைச் சுளித்தேன்.

"இதா, கேக்குது பாருங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

டேனியல் வேகத்தைக் குறைத்தார். "இப்பச் சத்தமே இல்லீங்களேண்ணா," என்றார்.

இவர் அதையும் கேட்கவில்லை. இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை அங்கேதான் படித்தார். டேனியல் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வண்டியைக் கடைக்குத் திருப்பினார். திரும்பியது வலதுபுறம். அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. எனக்கும் டேனியலுக்கும் மட்டும் வந்தது.

டேனியல் வண்டியை ஜாக்கியில் தூக்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் சைட்டோரத்து வேலமர நிழலில் நின்றோம். குரல் தேவை இல்லை. ஷெட்டில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்து, எப்போதிருந்து என்று கேட்டேன்.

"ஷெட்டுலயே போயிருச்சு புள்ள," என்றார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. "அங்க யாருக்குத்தான் என்ன கேட்டுது? எல்லாரும் ஒதட்டப் பாத்துத்தான பேசுனோம். எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது. ஊசி தட்டி மெஷின் நொறுங்குன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கோயமுத்தூரில் ஆளை இறக்கிவிட்டு ஒரு நாள் தனியாக டாக்டரிடம் போயிருக்கிறார். நரம்பு செத்துவிட்டது, சத்தத்திலேயே நின்று நின்று போனது, திரும்பி வராது என்று எழுதிக் காட்டினாராம். காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கலாம் என்றாராம். காதில் மெஷின் மாட்டிய டிரைவரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

அப்படியானால் அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது, பேரிங் மாற்றச் சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டேன்.

அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் கேக்கற ஒரே சத்தம் அதுதான். ஙொய்யுனு, நிக்காம. தூக்கத்துலயும் கேக்குது. என்ன சத்தம்னு அவன் கேட்டான். எனக்கு வேற என்ன சத்தந் தெரியும்? அதத்தான் சொன்னேன்."

அவர் தலைக்குள் இருந்த இரைச்சலுக்கு ஒருவன் வண்டியில் பேரிங் மாற்றியிருக்கிறான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எனக்கு அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபது வருஷம் அவர் காதைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டான் என்று சொன்ன முதலாளி மேல் கோபம். மாசா மாசம் மலையேறிப் போய்க் கும்பிட்டேனே, அந்தச் சிவன்மலை முருகன் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, என் வாயை மட்டும் படித்துக்கொண்டு என்னோடு இத்தனை நாள் குடும்பம் நடத்திய இந்த மனிதர் மேல் கோபம். தொட்டுவிட்டுப் பேசுகிற என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

வண்டி ஓட்டக் கூடாது என்று உதட்டால் சொன்னேன்.

"செரி, ஓட்டல," என்றார். "டிரைவர் வேலயும் போச்சுன்னா நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு. நீ சொல்றதச் செய்யறேன்."

என் வாய்க்கு ஊரே பயப்படும். அந்த வேலமரத்தடியில் ஒவ்வொரு வேலையாக மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். செக்யூரிட்டி வேலைக்கு? ராத்திரி கதவைத் தட்டினால் கேட்காது. கடையில் நிற்க? கேட்டதை எடுத்துக் கொடுக்க முடியாது. மறுபடியும் ஷெட்டுக்கா? அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உதட்டை அசைக்காமல் நின்றேன்.

டேனியல் என்னைக் கூப்பிட்டார். இடது சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸிலின் முனையைக் காட்டினார். அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த மண் இருந்தது.

"இது கிழிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க்கா," என்றார். "கிரீஸ் சித்தெ சித்தெயா வெளிய போயி, மண்ணு உள்ள போயி அரைச்சிருக்குது. அப்பெல்லாம் சத்தமே வராதுங்க. சத்தம் வர ஆரம்பிச்சா உள்ள முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். சரி பண்ண முடியாது, மாத்தத்தான் வேணும்."

வேறொரு இண்டிகாவிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆக்ஸில் ஒன்று அவரிடம் இருந்தது. அதை மாட்டினார். வண்டிக்கு மாற்றுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, இவர் முதுகுக்குப் பின்னால் நின்று, டேனியல் என்னிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். தாழ்த்த வேண்டியதில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். பாதியில் குரல் இயல்பாகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலடி தள்ளி நிற்கிற மனிதரைப் பற்றி, சுவரைப் பற்றிப் பேசுவதுபோல நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

"நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க," என்றார் டேனியல். "ஆனா ஆள ஏத்தீட்டுப் போற வண்டிங்க்கா. எம் புள்ளயும் அந்த ரோட்டுலதான் சைக்கிள்ல பள்ளிக்கோடம் போகுது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதனாலேயே அவரை அறைய வேண்டும்போல இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது குகன்தான் ஓட்டினார். எனக்கு ஓட்டத் தெரியாது. வேலம்பாளையம் முக்கில் வலதுபுறம் திரும்பினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமில்லை. வெண்ணெய்போல வளைந்தது வண்டி.

"சத்தம் போயிருச்சா?" என்று அவர் கேட்டார், ரோட்டைப் பார்த்தபடி.

"போயிருச்சுங்க," என்றேன்.

"போயிருச்சா?" என்றார் மறுபடியும்.

பழக்கதோஷம். "போயிருச்சுங்க" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போது அவர் முகத்தைத் திருப்பி என் உதட்டைப் பார்த்தார். என்னிடமிருந்து ஒரு நல்ல சேதியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் இருந்தது. அதே நேரத்தில் இடதுபுறச் சந்திலிருந்து ஒரு பெண் பின்னால் குழந்தையை வைத்து டி.வி.எஸ். ஃபிப்டியில் ரோட்டுக்கு வந்தாள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டுதான் வந்தாள். நான் இரண்டு கையாலும் முன்னால் டேஷ்போர்டை ஓங்கி அடித்தேன். கத்தினேன் என்றும் நினைக்கிறேன். கத்தி என்ன, அந்த அதிர்வு கையில் பட்டுத்தான் அவர் பிரேக்கை மிதித்தார்.

அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி நின்று, காது கேட்காதா என்று கேட்டுத் திட்டிவிட்டுப் போனாள். அவள் வாயசைவை அவர் முழுக்கப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் கேட்க ஆரம்பித்தன. நான் அவர் தொடையைத் தட்டி, போகலாம் என்று கையால் காட்டினேன்.

அதற்கப்புறம் வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், திறந்தால் அவர் பார்ப்பார் என்ற பயத்தில். அவிநாசி ரோட்டில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்று வந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். அவருக்கும் எனக்கும் இடையில் எஞ்சியிருந்தது என் உதடு ஒன்றுதான், அதையும் நானே மூடிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி இட்டு, வெள்ளை யூனிபாரத்தை மாட்டிக்கொண்டார். நான் இட்லி வைத்தேன். போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார், நேற்றே அப்படித்தான் சொன்னார். அவர் சாப்பிட்டு முடித்து எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். உள்ளே தமிழ்மதி ஸ்கூல் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துகொண்டேன். வண்டி வீதிமுனையில் சத்தமில்லாமல் வலதுபுறம் திரும்பிப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டார். முக்கியமான ஆள் வருகிறார், மனைவியும் குழந்தையும் கூட வருகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

"நம்பி அனுப்பலாமுங்களா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. மேனேஜர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. உள்ளே தமிழ்மதி பையின் ஜிப்பை இழுப்பது கேட்டது.

"சத்தமெல்லாம் போயிருச்சுங்க," என்றேன். "அனுப்பலாமுங்க."

அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. முன்னால் போகிற எவனோ வழிவிடவில்லை போலிருக்கிறது, விடாமல் அடித்துக்கொண்டே போயிற்று. தமிழ்மதி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த ஹாரன் நிற்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.